கிரீட்டில் ஒரு குடை நிழலின் விலை

மத்திய தரைக்கடல் தீவுகள் காசுள்ளவர்களுக்குத்தான் என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சாட்சியாக எடுத்து நீட்டப்படுவது பெரும்பாலும் கடற்கரை ரசீது. ஒரு குடை, அதன்கீழ் இரண்டு சாய்வு நாற்காலி, நாளொன்றுக்கு 25 யூரோ. ஒரு வாரம் தங்கினால் 175. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொண்டாலும் பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய், வெறுமனே கடலைப் பார்த்துப் படுத்திருப்பதற்கு. கணக்கில் பொய் ஒன்றும் இல்லை. கிரேக்கத் தீவுகளில் சாதாரணக் கரைகளில் இந்த ஜோடி 10, 15 யூரோவுக்குக் கிடைக்கும். பேர்போன கரையின் முதல் வரிசையில் 40ஐத் தாண்டியும் போகும். ஆனால் இதைக் கடற்கரைச் செலவு என்று எழுதுவதுதான் எனக்கு ஒத்துவருவதில்லை. கிரேக்கச் சட்டப்படி கடலோரம் பொதுச்சொத்து. மணலில் துண்டை விரிக்கவோ தண்ணீரில் இறங்கவோ யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. பல ஊர்க்கரைகளில் குளிக்கிற ஷவருக்குக்கூடக் காசு கிடையாது. அந்த 25 யூரோ போவது நிழலுக்கு. நாற்காலி அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். செலவின் பெயர் சரியாகத் தெரிந்தால் அதைக் குறைக்கிற வழியும் தெரிந்துவிடும் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட இடம் கிரீட், கிரேக்கத் தீவுகளில் பெரியது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளம், எல்லா வகைக் கரையும் உண்டு, பொதுப் பேருந்தும் உண்டு.

முதலில் சூரியனின் கணக்கு. கோடையில் கிரீஸின் கடிகாரம் உலகப் பொதுநேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தீவு இருக்கிற இடத்துக்கு இது கொஞ்சம் அதிகம். அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, பிற்பகல் ஒன்று இருபது வாக்கில். ஊரில் பழகிய கணக்கில் மூன்று மணிக்கு வெயில் தணிந்துவிடும் என்று நம்பிக் கரைக்குப் போகிறவர்கள் வெந்துபோய்த் திரும்புவது இதனால்தான். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும்வரை தோலைச் சுடுகிற கதிர்கள் வலுவாக இருக்கின்றன என்பது எளிய அளவுகோல். ஜூலையில் கிரீட்டில் அந்த நிலை காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை நாலே முக்கால்வரை நீடிக்கிறது. மறுபக்கம், சூரியன் மறைவது இரவு எட்டரை மணிக்குமேல். ஆக நிழலே தேவைப்படாத கடல் நேரம் காலையில் 7 முதல் 10 வரை மூன்று மணி நேரம், மாலையில் 5 முதல் எட்டரை வரை மூன்றரை மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரக் கடல் ஒரு சென்ட் செலவில்லாமல் இருக்கிறது. நடுவில் உள்ள நேரத்தில் கிரேக்கர்களே சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். இப்படிப் பகலை இரண்டாக வெட்டிக்கொள்ள ஒரே ஒரு நிபந்தனை, அறை கடலுக்கு நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும்.

இங்கேதான் பலருடைய திட்டம் தடம் புரள்கிறது. தீவின் வடமேற்கில் உள்ள ஹன்யா ஊரில் தங்கிக்கொண்டு, படத்தில் பார்த்த, தென்மேற்குக் கோடியில் உள்ள எலஃபோனீசிக் கடற்கரைக்குப் பேருந்தில் ஒருநாள் போய்வரலாம் என்று கிளம்புகிறார்கள். பேருந்து காலை 9 மணியை ஒட்டிக் கிளம்பி 11 மணி வாக்கில் கொண்டுபோய் விடும். திரும்புகிற வண்டி மாலை 4 மணி வாக்கில். அதாவது நிழல் இல்லாமல் இருக்கவே முடியாத ஐந்து மணி நேரத்தை மட்டும் பொறுக்கி எடுத்து உங்கள் கையில் கொடுக்கிறது அந்த அட்டவணை. போய் இறங்கியவருக்குக் குடை வாடகைக்கு எடுப்பதைத் தவிர வேறு போக்கு இல்லை. குடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று பிறகு எழுதுவது அவ்வளவு நியாயமில்லை.

துண்டு இயக்கமும் நான்கு மீட்டரும்

2023 கோடைவரை நிலைமை வேறு. கரையின் ஒரு பகுதியை அரசிடம் குத்தகைக்கு எடுத்தவர்கள், எடுத்த அளவுக்குப் பல மடங்கு நாற்காலி போட்டு, தண்ணீரின் விளிம்புவரை வரிசை கட்டிவிடுவார்கள். சட்டம் பொதுச்சொத்து என்று சொன்னாலும் துண்டு விரிக்க மணல் மிச்சம் இருக்காது. அந்த ஜூலையில் பாரோஸ் தீவின் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கையில் பதாகையோடு கரை கரையாகப் போய் ஊர்வலம் நடத்தினார்கள், நாற்காலிகளை அகற்றச் சொன்னார்கள். துண்டு இயக்கம் என்று பெயர் வந்தது. நக்சோஸ், கிரீட், ரோட்ஸ் என்று பரவியது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரர்களே முன்னால் நின்றதால் அரசால் அதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

2024 மார்ச்சில் புதிய சட்டம் வந்தது. கடற்கரையில் 70 சதவீதம் நாற்காலி இல்லாமல் இருக்க வேண்டும். இயற்கைப் பாதுகாப்புப் பகுதியில் உள்ள கரையானால் 85 சதவீதம். நீர்விளிம்பிலிருந்து நான்கு மீட்டருக்குள் எதுவும் போடக்கூடாது. நான்கு மீட்டர் அகலமில்லாத கரையைக் குத்தகைக்கே விடக்கூடாது. இதோடு 198 கரைகளை யாரும் கைவைக்கக்கூடாத கரைகள் என்று பட்டியலிட்டார்கள். அங்கே நாற்காலியும் இல்லை, பாட்டுச் சத்தமும் இல்லை. அந்தப் பட்டியல் அடுத்த ஆண்டு இன்னும் நீண்டது. மைகோஸ்ட் என்று ஒரு செயலியும் வந்தது. அதில் வரைபடத்தைத் திறந்தால் எந்தக் கரையில் எந்தத் துண்டு நிலம் குத்தகைக்குப் போயிருக்கிறது என்று எல்லைக்கோட்டோடு தெரியும். மீறல் இருந்தால் அதிலேயே புகாரும் கொடுக்கலாம்.

குறைந்த செலவில் போகிறவருக்கு இதில் உண்மையான வரவு அந்த நான்கு மீட்டர்தான். கரையில் விரிக்கிற துண்டு ஒன்றின் நீளம் சுமார் 1.8 மீட்டர். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நீட்டிப் படுத்தாலும் மூன்றரை மீட்டர்தான் ஆகும், சட்டம் விட்ட இடத்துக்குள் அடங்கிவிடும். தண்ணீருக்கு மிக அருகில் இருக்கிற அந்தப் பட்டை, அதாவது முன்பு முதல் வரிசை என்று அதிக விலைக்கு விற்ற அதே இடம், இப்போது இலவசம். பெருங்கடலோரமாக இருந்தால் ஓதம் ஏறும்போது இந்தப் பட்டை தண்ணீருக்குள் போய்விடும். மத்திய தரைக்கடலில் அந்தக் கவலை இல்லை. கிரீட்டில் ஓதம் ஏறி இறங்குவது சில அங்குலங்கள்தான். காற்று கிளம்பி அலை ஏறுகிற நாளில் மட்டும் பையைக் கொஞ்சம் மேலே வையுங்கள்.

சட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அதிகாரிகள் வந்துபோன மறுநாள் நாற்காலிகள் மெல்ல முன்னால் நகர்வதும் உண்டு. பணியாள் யாராவது வந்து எழுந்திருக்கச் சொன்னால் சத்தம் போட வேண்டாம். செயலியில் எல்லைக்கோட்டைக் காட்டினால் பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். குத்தகை எல்லைக்குள்ளேயே, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் துண்டு போடுவது வேறு விஷயம். அவர் அந்த இடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார், அங்கே வம்பு தேவையில்லை.

வேடிக்கையான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மீட்டர் உயரக் குடையின் நிழல் ஜூலை மாதம் மாலை 5 மணிக்குக் கம்பின் அடியிலிருந்து இரண்டு மீட்டருக்கும்மேல் கிழக்கே தள்ளி விழுகிறது. வடகரையின் மணல்வெளிகள் பல கிழக்கு மேற்காக நீள்பவை. குத்தகைப் பகுதியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற கடைசிக் குடைக்குப் பணம் கொடுத்தவர் வெயிலில் கிடப்பார், அவர் குடையின் நிழல் எல்லை தாண்டி இலவச மணலில் விழுந்து கிடக்கும். அங்கே துண்டு போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மரம் நிற்கிற கரைகள்

வாடகைக் குடையைவிட நல்ல நிழல் தருவது அல்மிரீக்கி மரம். கிரேக்கக் கடலோரமெங்கும் வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஊசி ஊசியாக இலை, தொங்குகிற கிளை, தூரத்திலிருந்து பார்த்தால் நம்மூர் சவுக்குபோல இருக்கும். உப்புத்தண்ணீரைக் குடித்து வாழ்கிற மரம் இது. உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. இரவில் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், விடிகாலையில் கிளைகளிலிருந்து உப்புத்துளி சொட்டும். அதனால் காலை ஏழு மணிக்கே இடம் பிடிக்கிற அவசரத்தில் கண்ணாடியையும் போனையும் மரத்தடியில் பரப்பி வைக்காதீர்கள். பிசுபிசுவென்று ஒரு படலம் படிந்துவிடும். ஒன்பது மணிக்குமேல் காய்ந்துவிடுகிறது. இடம் பிடிக்க வேண்டிய நேரமும் அதுதான், ஒன்பதரைக்குமேல் நல்ல மரங்கள் போய்விடும். துண்டை மரத்தின் மேற்குப் பக்கம் விரித்தால் காலையில் நிழல் கிடைக்கும், மதியத்துக்குமேல் கிழக்குப் பக்கம் நகர்ந்துகொள்ள வேண்டும். கீழே எறும்புப் புற்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காருங்கள்.

இந்த மரங்களை நம்பி ஒரு வாரத்தை ஓட்ட ஏற்ற ஊர் தென்மேற்கு மூலையில் உள்ள பலியோஹோரா. ஹன்யாவிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு நிலமுனையின்மேல் ஊர் உட்கார்ந்திருக்கிறது. மேற்குப் பக்கம் பாஹியா அம்மோஸ் என்கிற அகலமான மணற்கரை, பின்னால் அல்மிரீக்கி வரிசை, குளிக்க ஷவர். கிழக்குப் பக்கம் ஹலிக்கியா என்கிற கூழாங்கல் கரை. இரண்டுக்கும் நடுவே ஊரைக் கடந்து நடந்தால் ஐந்து நிமிடம். ஒரு பக்கம் அலை அடித்தால் மறுபக்கம் போய்விடலாம். இப்படி இரட்டைக் கரையுள்ள ஊரில் காற்றுக்காக ஒரு நாளும் வீணாவதில்லை. எலஃபோனீசிக்கும் இங்கிருந்து கோடையில் படகு போகிறது.

எலஃபோனீசியைப் பார்க்காமல் வர மாட்டேன் என்பவர்களுக்குக் கேத்ரோதாசோஸ் இருக்கிறது. எலஃபோனீசியிலிருந்து கிழக்கே கரையோரமாக அரை மணி நடை. மணல்மேட்டில் வயதான ஜூனிபர் மரங்கள், முறுக்கிக்கொண்டு தாழ்வாக நிற்கும், அடியில் அடர்த்தியான நிழல். கடை, குழாய், உயிர்காப்பாளர் எதுவும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் போகக்கூடாது, குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். மணலுக்கு வெளியே தெரிகிற வேர்களின்மேல் மிதிப்பதும் கிளையில் கயிறு கட்டுவதும் மரத்தைக் கொல்கிற வேலை. கூடாரம் போடுவதும் தீ மூட்டுவதும் சட்டப்படியே குற்றம். தென்கரையில் உள்ள ப்ரேவெலியில் ஆற்றுமுகத்தில் கிரீட் ஈச்சை எனப்படும் மரங்களின் தோப்பு இருக்கிறது. 2010ல் தீப்பிடித்துக் கருகி, பிறகு தானே துளிர்த்த தோப்பு அது. நிழலில் உட்கார்ந்து ஆற்றிலும் கடலிலும் மாறி மாறி இறங்கலாம். ஆனால் மேலேயிருந்து படியில் இறங்க இருபது நிமிடம், உச்சிவெயிலில் ஏறித் திரும்புவது அதைவிடப் பெரும்பாடு. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளவும்.

மேற்குக் கோடியில் உள்ள ஃபலாசர்னாவில் மரம் குறைவு. ஆனால் மணல் அவ்வளவு அகலம், நாற்காலிகள் ஒரு மூலையில் முடிந்துவிடும், மிச்சமெல்லாம் உங்களுடையது. மாலை வெயிலுக்கு என்றே செய்த கரை. பக்கத்தில் பழைய துறைமுகத்தின் சுவர்கள் தரையில் நிற்பதைப் பார்க்கலாம். கி.பி. 365ல் நடந்த நிலநடுக்கத்தில் தீவின் மேற்குப் பகுதி பல மீட்டர் உயர்ந்ததில் துறைமுகம் கடலை விட்டு மேலே வந்துவிட்டது.

சொந்தக் குடை

ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்கள் குடை வாங்கிவிடுவதே லாபம். சூப்பர்மார்க்கெட்டில் 10 முதல் 15 யூரோ. பணம் போடுமுன் அறை உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போன விருந்தினர்கள் விமானத்தில் கொண்டுபோக முடியாமல் விட்டுச்சென்ற குடைகள் பல வீடுகளின் படிக்கட்டின்கீழ் கிடக்கும். நீங்களும் அப்படித்தான் விட்டுவிட்டு வரப்போகிறீர்கள். பேருந்தில் குடையை அடியில் உள்ள சாமான் அறையில் போட்டுவிடலாம்.

மலிவுக் குடை பறந்துபோகிறது என்பதுதான் எல்லோருடைய குறை. பறப்பதற்குக் காரணம் குடையின் தரத்தைவிட நடுகிற முறைதான். பெரும்பாலோர் கம்பைத் திருகித் திருகி ஒரு சாண் ஆழம் இறக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணலைக் குவிக்கிறார்கள். உலர்ந்த மணலுக்குப் பிடிமானமே கிடையாது. செய்ய வேண்டியது இது: குடையின் மேல்பாதியைத் தனியே வைத்துவிட்டு, கீழ்க்கம்பை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே அழுத்துங்கள். குழி அகலமாகி மணல் உள்ளே சரியும், கம்பு இறங்கிக்கொண்டே போகும். நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் போனதும் ஈரமணல் தட்டுப்படும், அதுதான் பிடிக்கும். பிறகு சுற்றிலும் ஒரு பாட்டில் கடல்தண்ணீரை ஊற்றிக் காலால் மிதித்து இறுக்குங்கள். அதற்குப்பின் மேல்பாதியைச் செருகி, குடையின் தலை காற்று வருகிற திசையைப் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். நேராக நிறுத்தினால் காற்று அடியில் புகுந்து தூக்கும், எதிர்த்திசையில் சாய்த்தால் பாய்மரமாகிவிடும். ஒரு துணிப்பையில் கல்லோ மணலோ நிரப்பிக் கம்பின் மடக்கில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. இவ்வளவு செய்தும் குடை அதிர்ந்துகொண்டே இருந்தால் மடக்கி வைத்துவிடுங்கள். பறக்கிற குடையின் கூர்முனை பக்கத்து ஆளின் கண்ணைப் பதம்பார்க்கும்.

கூழாங்கல் கரையில், உதாரணமாகத் தென்கரை ஊரான சூயாவில், கம்பு இறங்காது. அங்கே குடையைச் சுமப்பது வீண், மரத்தடிதான். ரெத்திம்னோ, ஹன்யா வளைகுடா, தெற்கே மெசாரா வளைகுடா ஆகிய இடங்களில் மணலுக்குள் கடலாமைகள் முட்டையிடுகின்றன. மே கடைசியில் தொடங்கி ஆகஸ்ட்வரை முட்டை, அக்டோபர்வரை குஞ்சு. ஆர்கெலோன் என்கிற தொண்டு அமைப்பினர் கூடுகளின்மேல் சட்டகம் வைத்து அடையாளம் போடுகிறார்கள். அதன் அருகில் கம்பு குத்தக்கூடாது. அடையாளம் இல்லாத கூடும் இருக்கலாம் என்பதால், இந்தக் கரைகளில் குடையை நீர்விளிம்பை ஒட்டிய ஈரமணலில் நடுவது பாதுகாப்பு. ஆமைகள் மேடான உலர்மணலைத்தான் தேடிப் போகும்.

துணிக்குடை முழு நிழல் தராது என்பதும் நினைவிருக்கட்டும். உலர்ந்த மணல் தன்மேல் விழுகிற புறஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, அது குடையின் பக்கவாட்டில் நுழைந்துவிடும். சன்ஸ்கிரீனை ஒழுங்காகப் பூசினால் ஒரு உடம்புக்கு ஒருதரம் 30 மில்லிக்குமேல் பிடிக்கும். 200 மில்லி பாட்டில் ஒன்று ஆறுதரம் வந்தால் அதிகம். நீச்சலுக்குப் பிறகு மறுபடி பூச வேண்டும் என்பதால் தம்பதி ஒன்றுக்கு இரண்டு நாளில் பாட்டில் காலி. முழுக்கை நீச்சல் சட்டையை ஊரிலிருந்தே வாங்கிப்போனால் இந்தச் செலவு பாதிக்குமேல் குறையும். குடை வாடகையைப் பற்றிப் புலம்புகிறவர்கள் இந்தச் செலவைக் கண்டுகொள்வதே இல்லை.

மரம், சொந்தக் குடை இரண்டும் போக நிழலுக்கு மூன்றாவது வழி, தவர்னா எனப்படும் சாப்பாட்டுக்கடைகளின் நாற்காலி. தென்கரையில் பல கடைகள் தங்களிடம் சாப்பிடுகிறவருக்குக் குடைக்கும் நாற்காலிக்கும் தனிக்காசு வாங்குவதில்லை. எப்படியும் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கப்போகிற 12 யூரோவை அங்கே கொடுத்தால் ஆயிற்று. உட்காருமுன் கேட்டுவிட வேண்டியது ஒன்றே: குறைந்தபட்சம் எவ்வளவுக்கு வாங்க வேண்டும், ஆளுக்கா நாற்காலிக்கா. கேட்காமல் உட்கார்ந்தால் இரண்டு குளிர்காபிக்குப்பின் பில்லில் எதிர்பாராத தொகை ஒன்று சேர்ந்திருக்கும்.

காற்று

ஜூலை, ஆகஸ்டில் வடக்கேயிருந்து மெல்தெமி என்கிற காற்று நாள்கணக்கில் அடிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும், மழைக்கான அறிகுறியே இருக்காது, ஆனால் வடகரை முழுக்க அலை எகிறும், சிவப்புக்கொடி ஏறும். சிவப்புக்கொடி என்றால் இறங்கக்கூடாது, முழங்கால் அளவு என்றாலும். அந்த நாளுக்கு ஹன்யாக்காரர்கள் போகிற இடங்கள் அக்ரோத்திரி தீபகற்பத்தில் உள்ள மராத்தி, அல்லது கிழக்கே அல்மிரீதா. இரண்டும் வடக்குக் காற்றுக்கு மறைவாக இருப்பதால் தண்ணீர் அடங்கிக் கிடக்கும்.

தென்கரைக்குப் போனால் தப்பிக்கலாம் என்பது பாதிதான் உண்மை. மலையைத் தாண்டி வருகிற காற்று பள்ளத்தாக்குகளில் ஒடுங்கி, கடற்கரையில் வந்து குபீரென்று இறங்கும். தென்கரையில் உள்ள ப்ளாக்கியாஸ் ஊர் இதற்குப் பேர்போனது. மணல் முகத்தில் அறையும். கடல் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும், ஏனென்றால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. ஆபத்தும் அதில்தான். காற்றடைத்த மெத்தையில் குழந்தையை உட்காரவைத்தால் ஐந்து நிமிடத்தில் கைக்கெட்டாத தூரம் போய்விடும், எதிரே லிபியாவரை கரை கிடையாது. மூன்று யூரோ மெத்தை மலிவு என்று வாங்குகிறவர்கள், தென்கரையில் வடகாற்று அடிக்கிற நாளில் அதை அறையிலேயே விட்டுவிட வேண்டும்.

பேருந்து, வண்டி, வாய்

தீவின் பொதுப் பேருந்துகளைக் கேடெல் என்கிறார்கள். மேற்குப் பாதிக்கு ஒரு நிறுவனம், கிழக்குப் பாதிக்கு ஒன்று, இரண்டுக்கும் அட்டவணை தனித்தனி. ஹன்யாவிலிருந்து மேற்குக் கரைகளுக்கு ஒருவழிக் கட்டணம் தூரத்தைப் பொறுத்து 8 முதல் 12 யூரோ. திரும்பும் சீட்டையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள். கடைசி வண்டியில் இடம் இல்லையென்றால் டாக்ஸிக்குக் கொடுப்பது ஒரு வார நாற்காலி வாடகையைத் தின்றுவிடும். ஊருக்குள் ஓடுகிற டவுன் பஸ்ஸுக்குச் சீட்டைப் பெட்டிக்கடையில் வாங்கினால் விலை குறைவு, ஏறியபின் வாங்கினால் கூடுதல். நான்கு பேராக இருந்தால் ஒரே ஒரு நாளுக்குக் கார் எடுப்பது பேருந்தைவிட மலிவாக முடியும். ஆனால் வடமேற்கு முனையில் உள்ள பாலோஸ் கரைக்குப் போகிற எட்டு கிலோமீட்டர் மண்பாதையில் டயருக்கோ அடிப்பாகத்துக்கோ ஏதாவது ஆனால் வாடகைக் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். ஒப்பந்தத்தில் அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பேக்கரியில் கீரை பை, சீஸ் பை மூன்று யூரோவுக்குள். மரக்கறிக்காரர்களுக்குக் கரையிலேயே செய்துகொள்ளக்கூடிய ஒன்று மட்டும் சொல்கிறேன், தாக்கோஸ். பார்லி ரஸ்க் ஒரு பொட்டலம் வாங்கினால் வாரக்கணக்கில் கெடாது. ரஸ்க்கைக் குழாயடியில் மூன்று நான்கு நொடி மட்டும் காட்டுங்கள். ஊறவைத்தால் கூழாகிவிடும். தக்காளியை இரண்டாக வெட்டி, தோல் கையில் நிற்கும்படி துருவி மேலே கொட்டி, ஆலிவ் எண்ணெய், உப்பு, ஆரெகனோ தூவிப் பத்து நிமிடம் வைத்தால் மேலே மெத்தென்றும் அடியில் மொறுமொறுவென்றும் இருக்கும். இதன்மேல் வழக்கமாகப் போடுகிற புது மிசீத்ரா சீஸ் வெயிலில் புளித்துவிடும், பதிலாக உப்புநீரில் கிடக்கிற ஃபெட்டா எடுத்துப் போகலாம். தண்ணீர் பாட்டிலை இரவே முக்கால் பங்கு நிரப்பி உறையவைத்து, துண்டில் சுற்றி எடுத்துப்போனால் மதியம்வரை குளிர்ச்சி தாங்கும். முழுக்க நிரப்பினால் பனிக்கட்டி விரிந்து பாட்டில் பிளந்துகொள்ளும்.

எங்கே, எப்போது

தங்கும் இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, முன்பதிவுத் தளத்தின் விலையில் அது தெரியாது. அறைக்கு இரவுக்கு இவ்வளவு என்று அரசு ஒரு வரி வாங்குகிறது, நேரில்தான் கட்ட வேண்டும். 2025ல் ஏப்ரல் முதல் அக்டோபர்வரை, குடும்பங்கள் வாடகைக்கு விடுகிற அறைகளுக்கும் ஒன்று, இரண்டு நட்சத்திர ஓட்டல்களுக்கும் 2 யூரோ. குறுகியகால வாடகை அபார்ட்மென்ட் என்று பதிவானதற்கு 8 யூரோ. ஏழு இரவுக்கு வித்தியாசம் 42 யூரோ. பலியோஹோரா, சூயா மாதிரி ஊர்களில் முதல் வகை நிறையவே இருக்கிறது, சின்னச் சமையலறையும் ஃப்ரிட்ஜும் பெரும்பாலும் அதோடு வரும்.

மாதத்தைப் பொறுத்தவரை என் கட்சி செப்டம்பர் இரண்டாம் பாதி. கடல்நீர் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். மே மாதம் வெயில் சுள்ளென்று இருந்தாலும் தண்ணீர் 19, 20 டிகிரிதான், நம் ஆட்களுக்கு உடம்பு உதறும். செப்டம்பரில் 25, அக்டோபரிலும் 23 வாக்கில் இருக்கும். மெல்தெமி ஓய்ந்திருக்கும், அறை வாடகை இறங்கியிருக்கும், சூரியன் தாழ்ந்திருப்பதால் நிழல் தேவைப்படுகிற நேரமும் குறைந்திருக்கும். அக்டோபரில் போகிறவர்கள் மட்டும் பேருந்து அட்டவணையை அந்த வாரத்துக்கானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், கடற்கரை வண்டிகள் அந்த மாதத்தோடு நின்றுவிடுகின்றன. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்து ஐந்தரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், மாலைக் குளியல் என்று தனியாக ஒன்று இருக்காது.